பரீட்சைக்கு முதல் நாள் வருகிறவர்கள்

என் அப்பாயி, அதாவது அப்பாவின் அம்மா, இறந்து மூன்று வருடம் ஆகிறது. திருவானைக்காவலில் ஒரு சந்துக்குள் அவளுக்கென்று ஒரு சின்ன வீடு இருந்தது. ஒரு கூடம், ஓர் அறை, சமையலறை, பின்னால் ஒரு கிணறு. அரசு வேலைக்கான பரீட்சை நடக்கும் ஒவ்வொரு முறையும் முதல் நாள் சாயங்காலம் அந்த வீட்டில் ஏழெட்டுப் பெண்கள் இருப்பார்கள். அரியலூர், பெரம்பலூர், மணப்பாறை, முசிறி என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். ஒருத்தியும் சொந்தக்காரி இல்லை. அப்பாயியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அந்தப் பெண்கள்தான் முதலில் வந்து நிற்கிறார்கள். அவர்களில் ஒருத்தியைப் பற்றி எழுதியே ஆக வேண்டும் என்பதால்தான் இத்தனை நாள் எழுதாமலே இருந்தேன்.

அப்பாயி ஒரு பெண்கள் பள்ளியில் டிராயிங் டீச்சராக இருந்தவள். கல்யாணமாகிப் போனது லால்குடிப் பக்கம் ஒரு கூட்டுக் குடும்பத்துக்கு. வேலைக்கு ஆர்டர் வந்தபோது தாத்தா, "படம் போடச் சொல்லிக் குடுக்கறதெல்லாம் ஒரு வேலையா, பேசாம இரு" என்றாராம். அவளும் பேசாமல்தான் இருந்தாள். பேசாமலே ஒரு டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, ஆறு வயது மகனைக் கையில் பிடித்துக்கொண்டு திருச்சிக்குப் பஸ் ஏறிவிட்டாள். சண்டையும் இல்லை, கோர்ட்டும் இல்லை. தாத்தா மாதம் ஒரு முறை வந்து பார்த்துவிட்டுப் போவார்.

"வந்த மனுஷனை உக்கார வச்சு, எலை போட்டு, பரிமாறி, பஸ் ஏத்தி விட்டேன். புருஷனா இருந்தப்பத்தான் கஷ்டம். விருந்தாளியா வந்தப்ப தங்கமா இருந்தார்" என்பாள்.

நான் பிறப்பதற்கு முன்பே அவர் போய்விட்டார். பிற்பாடு அப்பா எத்தனையோ தடவை துவாக்குடிக்கு, எங்கள் வீட்டுக்கு வந்துவிடும்படி கூப்பிட்டுப் பார்த்தார். "உன் வீட்ல எனக்கு ஒரு ரூம் குடுப்ப. இங்க எனக்கு வீடே இருக்கு" என்று சொல்லி அனுப்பிவிடுவாள்.

கூடத்துச் சுவர் முழுக்க அவள் படம் போட்டிருப்பாள். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை அவளே ஸ்டூல் போட்டு ஏறிச் சுண்ணாம்பு அடிப்பாள். பழைய படம் போய்விடும். சுவர் காய்ந்ததும் புதிதாக ஆரம்பிப்பாள். ஒரு முறை சுவர் முழுக்கக் குடைகள். இன்னொரு முறை ஒரு டவுன் பஸ்ஸில் ஏறக் காத்திருக்கும் பெண்கள், இருபது பேராவது இருப்பார்கள், அத்தனை பேரும் முதுகைக் காட்டி நிற்பார்கள். முகமே இல்லாவிட்டாலும், நிற்கிற நிலையிலேயே யார் வேலை செய்து அலுத்தவள், யார் இன்றைக்குத்தான் முதன்முதலாக வேலைக்குப் போகிறவள் என்று தெரியும். குடைகள் மேல் சுண்ணாம்பு ஏறிய அன்று எனக்குப் பத்து வயது. லீவுக்கு வந்திருந்தேன். அழுது தீர்த்தேன்.

"இதை அழிக்காம அடுத்ததை எங்க போடறது?" என்று கேட்டாள். அவள் போட்ட படம் எதையும் யாரும் போட்டோ எடுத்து வைக்கவில்லை. அவளும் எடுக்கச் சொன்னதில்லை.

பெண்கள் வந்து தங்க ஆரம்பித்தது அவள் ரிட்டயர் ஆன மறுவருடம். ஒரு சனிக்கிழமை பொழுது சாயும் நேரம் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸுக்கு நின்றிருக்கிறாள். இரண்டு பெண்கள் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வழி கேட்டிருக்கிறார்கள். மறுநாள் காலையில் அங்கே பரீட்சை. அன்று விடிகாலையில் ஊரிலிருந்து கிளம்பினால் நேரத்துக்கு வந்து சேர முடியாது என்று முதல் நாளே வந்துவிட்டார்கள். இரண்டு லாட்ஜில் கேட்டுப் பார்த்தார்களாம். ஆண் துணை இல்லாமல் ரூம் தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டிலேயே பெஞ்சில் உட்கார்ந்து விடியும் வரை படிப்பதாக இருந்தார்கள். அப்பாயி அவர்களை ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏற்றி வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டாள்.

அடுத்த பரீட்சைக்கு நான்கு பேர் வந்தார்கள். அதற்கடுத்து ஏழு. அவளுடைய போன் நம்பர் ஒரு நோட்டிலிருந்து இன்னொரு நோட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. "என்ன ஊரு" என்று கேட்பாளே தவிர, "என்ன ஆளுங்க" என்று அவள் யாரையும் கேட்டதில்லை. முதல் நாள் இரவுக்கு ரசம் சாதமும் பருப்புத் துவையலும். காலையில் இட்லி. எண்ணெய்ப் பண்டம் எதுவும் கிடையாது. "பரீட்சைக்குப் போற வயிறு, அதைப் பயமுறுத்தக் கூடாது" என்பாள். ஹால் டிக்கெட்டையும் அடையாள அட்டையையும் எடுத்துக் காட்டச் சொல்வாள். கறுப்பு மைப் பேனா இரண்டு இருக்கிறதா என்று பார்ப்பாள்.

பரீட்சை அறைக்குள் போன் கூடாது என்பதால் எல்லாரும் போனை அவளிடமே விட்டுவிட்டுப் போவார்கள். அதனால் ஒவ்வொருத்திக்கும் அவள் வழியைக் காகிதத்தில் வரைந்து கொடுப்பாள். எந்த பஸ், எங்கே இறங்க வேண்டும், இறங்கியதும் எதிரில் என்ன தெரியும் என்பதெல்லாம் அதில் இருக்கும். பெட்ரோல் பங்க், ஒரு மரம், மரத்தடியில் இளநீர்க் குவியல், ஒரு காது மடங்கிய நாய். "அந்த நாய் நெசமாவே அங்கதான் படுத்திருந்துச்சு பாட்டி" என்று திரும்பி வந்து சொன்ன பெண்களை நான் பார்த்திருக்கிறேன்.

டிகிரி முடித்துவிட்டு நானும் அந்தப் பரீட்சைக்குத்தான் படித்துக்கொண்டிருந்தேன். துவாக்குடியில் எங்கள் வீட்டை ஒட்டியே ஒரு பட்டறை. நாள் முழுக்க இரும்பை அறுக்கும் சத்தம். அமைதியாகப் படிக்கட்டும் என்று அப்பா என்னை அப்பாயி வீட்டில் கொண்டுவந்து விட்டார். இரண்டு முறை எழுதினேன், இரண்டு முறையும் கொஞ்சத்தில் போனது. இரண்டாவது முறை என் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்திருந்த முசிறிப் பெண்ணுக்குக் கிடைத்துவிட்டது. இனிப்புப் பெட்டியோடு வந்து அப்பாயியின் காலில் விழுந்தாள். நான் அடுக்களைக்குள் போய் நின்றுகொண்டேன்.

அன்றிலிருந்து அந்தப் பெண்களை எனக்குப் பிடிக்காமல் போனது. என் மேஜையில் அவர்கள் புத்தகத்தைப் பரப்புவது, ஒருத்தி சத்தமாகப் படித்தால் மற்றவள் அதைத் திருப்பிச் சொல்வது, கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டே பேசுவது, எல்லாமே எரிச்சலாக இருந்தது. இவர்களுக்குச் சோறு போட்டு அனுப்பி என் இடத்தை இந்த வீடே தூக்கிக் கொடுக்கிறது என்றுகூட நினைத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்படித்தான் நினைத்தேன்.

மூன்றாவது முறை பரீட்சைத் தேதி வந்ததும் அப்பாயியே சொன்னாள்.

"இந்தத் தடவ யாரையும் வர வேணாம்னு சொல்லிட்டேன். நீ நிம்மதியா படி."

எனக்கு அது போதவில்லை. ஏனென்றால் முதல் நாள் மத்தியானம், கிளம்பும் அவசரத்தில் இன்னொன்றையும் சொன்னாள்.

"ஒரே ஒரு பொண்ணு மட்டும் வரும். ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்துல. கல்யாணத்துக்கு முன்னாடி ரெண்டு தரம் நம்ம வீட்ல தங்கி எழுதியிருக்கு. இப்ப கைக்குழந்தை. மாமியார் வீட்ல கோயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டு வருது. நாளைக்கு அது எழுதி முடிக்கிற வரைக்கும் புள்ளைய நான் பாத்துக்கறேன்னு சொல்லியிருக்கேன். வந்தா ரூம்ல இருக்கச் சொல்லு."

அவளோடு வேலை பார்த்த ஒரு டீச்சர் குளியலறையில் வழுக்கி விழுந்து ஸ்ரீரங்கத்தில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். அவரைப் பார்க்கப் போனாள் அப்பாயி. போகும் முன் அறையில் உத்திரத்துக் கொக்கியில் பழைய புடவையால் தூளி கட்டிவிட்டுப் போனாள். அந்த அறை நான் படிக்கும் அறை. தூளியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். விடிய விடிய அழப்போகும் ஒரு குழந்தையின் சத்தம் அப்போதே என் காதில் கேட்க ஆரம்பித்துவிட்டது.

ஐந்து மணி வாக்கில் கதவு தட்டப்பட்டது. என் வயதுதான் இருக்கும். ஒடிசலான பெண். தோளில் ஒரு பை, இடுப்பில் எட்டு மாதக் குழந்தை. வெயிலில் வந்ததில் குழந்தையின் முகம் சிவந்திருந்தது.

"பாட்டி இல்லீங்களாக்கா?"

"இல்ல."

"ஜெயங்கொண்டத்துலேர்ந்து வரேன். நேத்து பேசினேன், வரச் சொன்னாங்க."

பொய் சொல்ல வேண்டும் என்று நான் திட்டம் போட்டு வைத்திருக்கவில்லை. கதவைப் பாதி திறந்தபடி நின்றிருந்தேன், அது தானாக வாயில் வந்தது.

"பாட்டிக்கு உடம்பு சரியில்லங்க. மத்தியானம்தான் ஆஸ்பத்திரில சேத்திருக்கு. இன்னிக்கு யாரையும் தங்க வைக்க முடியாது."

அவள் முகம் மாறியது. தங்க இடமில்லை என்பதற்காக மாறியதாகத்தான் அப்போது நினைத்தேன். "என்ன பண்ணுது அவங்களுக்கு?" என்று கேட்டாள்.

"பிரஷர்."

என்ன செய்வதென்று தெரியாமல் அவள் கையிலிருந்த போனில் அப்பாயியின் எண்ணை அழுத்தினாள். வீட்டுக்குள் மேஜை மேல் அப்பாயியின் பட்டன் போன் அடித்தது. வெளியே போகும்போது அவள் அதை எடுத்துப் போவதே இல்லை. இரண்டு பேரும் அது அடித்து ஓயும் வரை நின்றோம்.

"போனை இங்கயே விட்டுட்டுப் போயிட்டாங்க" என்றேன்.

"பரவாயில்லக்கா. கொஞ்சம் வெந்நி கிடைக்குமா? பால் கலக்கணும்."

பால் புட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போய் வெந்நீர் வைத்து ஊற்றிக்கொண்டு வந்து கொடுத்தேன். அதைச் செய்துவிட்டதால் நான் அவ்வளவு கெட்டவள் இல்லை என்று தோன்றியது. அவள் புட்டியைப் பையில் வைத்துக்கொண்டு, "பாட்டிய விசாரிச்சதா சொல்லுங்கக்கா" என்றாள். சந்தின் முனை வரை போய், எந்தப் பக்கம் திரும்புவது என்று நின்று, அப்புறம் மெயின் ரோட்டுப் பக்கம் திரும்பினாள்.

சத்திரத்தில் லாட்ஜ் இருக்கிறதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தனியாக வரும் பெண்ணுக்கு அங்கே ரூம் கிடைக்காது என்பதிலிருந்துதான் இந்த வீட்டுக்கு இவர்கள் வர ஆரம்பித்தார்கள் என்பது எனக்கு நன்றாகவே தெரியும்.

ஏழு மணிக்கு அப்பாயி வந்தாள். "வரலையா அந்தப் பொண்ணு?"

"வரல."

போனை எடுத்துப் பார்த்தாள். கூப்பிட்டாள். அந்தப் பெண்ணின் போன் அணைந்திருந்தது. "வீட்ல விட்டிருக்க மாட்டாங்க போல" என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டு, எடுத்து வைத்திருந்த சாதத்தில் தண்ணீர் ஊற்றினாள். தூளியை மட்டும் அவிழ்க்கவில்லை.

மறுநாள் எனக்கு ஸ்ரீரங்கத்தில் சென்டர். ஏழரைக்கே கிளம்பிவிட்டேன். கேள்வித்தாளைப் பார்த்ததும் கை தானாக ஓடியது. அதுபோல் ஒரு பரீட்சையை நான் அதற்கு முன்னும் எழுதியதில்லை, பின்னும் எழுதவில்லை. மத்தியானம் ஒன்றரை மணிக்கு வீடு திரும்பும்போது அப்பாயியிடம் என்ன சொல்வது, எந்தக் கேள்வி எப்படி வந்தது என்பதெல்லாம் மனதுக்குள் அடுக்கி வைத்துக்கொண்டு வந்தேன்.

வாசலில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கிடந்தது. உள்ளே அந்தப் பெண் இலையின் முன் உட்கார்ந்திருந்தாள். அறையில் தூளி மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. அப்பாயி பரிமாறிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, "கை கால் கழுவிட்டு வா, சாப்பிடலாம்" என்றாள்.

அவளுக்குப் பக்கத்திலேயே எனக்கும் இலை போட்டாள். வேறு எங்கே உட்காருவது என்று தெரியாமல் உட்கார்ந்தேன்.

அந்தப் பெண்தான் முதலில் பேசினாள். "நல்லா எழுதினீங்களாக்கா?"

"ம்."

"கணக்கு கஷ்டமா இருந்துச்சா?"

"அவ்வளவு இல்ல."

"நான் கணக்குதான் நிறைய போட்டுப் பாத்திருந்தேன்" என்று சொல்லிவிட்டு ரசத்தைப் பிசைந்தாள். அப்பாயி எனக்கு எவ்வளவு வைத்தாளோ அதே அளவு அவளுக்கும் வைத்தாள். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி, "இன்னும் கொஞ்சம்" என்று கேட்டாள்.

நடந்ததை அன்று சாயங்காலம்தான் தெரிந்துகொண்டேன். காலையில் நான் போன பிறகு அடுத்த வீட்டு அக்கா கிணற்றடியில் அப்பாயியிடம், "நேத்து புள்ளையோட வந்த பொண்ணைத் திருப்பி அனுப்பிட்டீங்களா? அழுதுகிட்டே போச்சே" என்று கேட்டிருக்கிறாள். அப்பாயி கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறாள். அந்தப் பெண்ணுக்காக வழி வரைந்து வைத்திருந்ததால் அவளுடைய சென்டர் பாலக்கரைப் பக்கம் என்று தெரியும். பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது கேட்டைச் சாத்திப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது. வெளியே மரத்தடியில் புருஷன்மார்களும் அம்மாக்களும் ஆளுக்கொரு குழந்தையை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். அவர்களுக்கு நடுவில் அந்தப் பெண் ஹால் டிக்கெட்டைக் கையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்த ஒரு அம்மாவிடம் குழந்தையைக் கொடுத்துவிட்டு உள்ளே போகப் பார்த்திருக்கிறாள். அது மூச்சை அடக்கி அழுது முகம் நீலம் பாரித்துவிட்டது. கேட் வரை போனவள் திரும்பி வந்துவிட்டாள்.

அவளை பஸ் ஏற்றிவிட்டு வந்து, விளக்கேற்றி வைத்துவிட்டு, அப்பாயி என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். திட்டப் போகிறாள் என்று காத்திருந்தேன்.

"ஆஸ்பத்திரில இருக்கேன்னு சொன்னியாமே."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எந்த ஆஸ்பத்திரின்னு சொல்ல மறந்துட்டியா?"

எனக்குப் புரியவில்லை.

"அந்தப் பொண்ணு என்னைப் பாக்கணும்னு தேடியிருக்கு. புள்ளையத் தூக்கிக்கிட்டு முதல்ல பெரியாஸ்பத்திரிக்குப் போயிருக்கு. டீச்சர், வயசானவங்க, பிரஷருன்னு வார்டு வார்டா கேட்டிருக்கு. அப்புறம் இன்னொரு ஆஸ்பத்திரி. அங்கயும் இல்லன்னதும், நோயாளிங்க கூட வந்தவங்க படுத்திருக்கற வராண்டாவுலயே படுத்துக்கிச்சாம். அதுக்குத் தங்க இடம் தேடறதுக்கு நேரமே இல்ல."

இதைச் சொல்லிவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போனாள். அதன் பிறகு சாகும் வரை அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. நாளை கேட்கலாம் என்று நினைத்தேன். அப்படியே வாரங்கள் போயின. ரிசல்ட் வந்தது.

எனக்குக் கிடைத்துவிட்டது. அப்பாயி கேசரி கிளறி, சந்து முழுக்க அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். முதல் கரண்டியை என் வாயில் ஊட்டி, "நல்லா வேலை பாரு, உன்னைத் தேடி வர்றவங்களை அலைய விடாத" என்றாள். எல்லாரும் சொல்வதுதான். அவள் வாயிலிருந்து வந்தபோது என்னால் முகத்தைத் தூக்க முடியவில்லை.

ஒன்று மட்டும் மாறியது. அதற்கு முன்பெல்லாம் வெளியே போனால் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு, இன்னார் வருவார்கள் என்று சொல்லிவிட்டுப் போவாள். அதன்பின் நான் வீட்டில் இருந்தாலும் அடுத்த வீட்டு அக்காவைக் கூப்பிட்டு, "யாராவது வந்தா பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். குத்திக் காட்டுவதற்காக அப்படிச் செய்யவில்லை. வருகிறவர்களை என்னிடம் விட முடியாது என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்த பரீட்சை அறிவித்தபோது ஜெயங்கொண்டத்துப் பெண்ணுக்குப் போன் செய்தாள். அவள் புருஷன் எடுத்து, "அது இனிமே எதுவும் எழுதாது, போன் பண்ணாதீங்க" என்று சொல்லி வைத்துவிட்டான். கோயிலுக்குப் போவதாகச் சொன்னது பொய் என்று வீட்டில் தெரிந்துவிட்டது போலும். ஆஸ்பத்திரியில் படுத்திருந்ததை யாராவது பார்த்துச் சொல்லித் தெரிந்ததா, குழந்தைக்குச் சளி பிடித்துக் கேள்வி வந்ததா, எனக்குத் தெரியாது. அப்பாயி விடவில்லை. ஒரு நாள் காலையில் கிளம்பி இரண்டு பஸ் மாறி அந்த ஊருக்கே போனாள். சாயங்காலம் திரும்பி வந்து காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"பாத்தியா அப்பாயி?" என்று கேட்டேன்.

"பாத்தேன். மாமியாக்காரி தண்ணி குடுத்தா. உக்காரச் சொல்லல."

"அந்தப் பொண்ணு?"

"உள்ளேர்ந்து பாத்துச்சு. தலைய ஆட்டுச்சு. வந்துட்டேன்."



நான் வேலைக்குச் சேர்ந்தேன். முதலில் வேறு ஊர், பிறகு திருச்சிக்கே மாற்றல். கல்யாணமாகி கே.கே. நகர் வந்தேன். அப்பாயி வீட்டுக்குப் பரீட்சைப் பெண்கள் வருவது நிற்கவில்லை. ஐந்து வருடத்துக்கு முன் ஒரு நாள் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து முடித்திருந்தாள். காய்ந்ததும் என்ன போடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது பக்கவாதம் வந்துவிட்டது. வலது கை போய்விட்டது. இடது கையால் காகிதத்தில் கோடு இழுத்துப் பார்ப்பாள். கோணலாக வரும். சிரித்துவிட்டுக் கசக்கிப் போடுவாள். சுவர் வெள்ளையாகவே இருந்தது. அப்பா கூட்டிப்போகப் பார்த்தார், நானும் கூப்பிட்டேன். அசையவில்லை. அடுத்த வீட்டு அக்கா காலையிலும் மாலையிலும் வந்து பார்த்துக்கொண்டாள். பரீட்சை சமயத்தில் வரும் பெண்களே சமைத்து, அவளுக்கு ஊட்டிவிட்டு, தலை பின்னிவிட்டுப் போனார்கள். யார் யாருக்கு விருந்தாளி என்று தெரியாதபடி ஆகியிருந்தது அந்த வீடு. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போவேன். அந்தப் பெண்கள் என்னைப் பார்த்ததும் நாற்காலியைக் காலி செய்து தருவார்கள். நான்தான் அங்கே வெளியாள்.

ஒரு புதன்கிழமை காலை அவள் எழுந்திருக்கவில்லை. பரீட்சை எதுவும் இல்லாத மாதம். காவிரிக் கரை மயானத்துக்கு வண்டி கிளம்பியபோது பின்னால் நடந்தவர்களை எண்ணிவிடலாம், பத்துப் பதினைந்து பேர். எத்தனையோ வருடம், எத்தனையோ பெண்களுக்குச் சோறு போட்டவள். அவர்களில் ஒருவருக்கும் சொல்லி அனுப்ப எங்களுக்கு வழி தெரியவில்லை.

காரியம் முடிந்த பிறகுதான் அவளுடைய டிரங்குப் பெட்டியில் ஒரு நோட்டு கிடைத்தது. போன் நம்பர்கள். பெயர் எழுதும் பழக்கம் அவளுக்கு இல்லை. ஒவ்வொரு நம்பருக்குப் பக்கத்திலும் விரல் நுனி அளவுக்கு ஒரு படம். மூக்குக் கண்ணாடி. இரட்டைப் பின்னல். ஒரு ஆட்டுக்குட்டி. தையல் மெஷின். எதற்கு எது என்று அவளுக்கு மட்டும் தெரிந்த படங்கள். இரண்டு நாள் உட்கார்ந்து எல்லா நம்பருக்கும் பேசினேன். பாதி எண்கள் உபயோகத்தில் இல்லை. சிலர், "எந்த டீச்சரம்மா?" என்று கேட்டு, நினைவு வந்ததும் பேச முடியாமல் வைத்தார்கள். ஆட்டுக்குட்டிப் பெண் இப்போது ஏதோ ஒரு தாலுகா ஆபீஸில் இருக்கிறாள். "நான் வந்து ஒரு மாலை போட்டிருப்பேனே, சொல்லியிருக்கலாமேக்கா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். தூளி வரைந்திருந்த எண் ஒன்று இருந்தது. அதையும் அழுத்தினேன். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று பதிவு செய்த குரல் சொன்னது. எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை இப்போது நினைத்தாலும் எனக்கே என்னைப் பிடிக்காமல் போகிறது.

வீட்டை அப்பா வாடகைக்கு விட்டுவிட்டார். அப்பாயியின் போனை நான் எடுத்து வந்தேன். அடுத்த பரீட்சைக்கு முந்தின வாரம் அது அடிக்க ஆரம்பித்தது. "பாட்டி, சனிக்கிழமை வரலாமா?" ஒவ்வொருத்தியிடமும் இறந்துவிட்டாள் என்று சொன்னேன். பெண்கள் தங்கும் விடுதிகள் இரண்டு மூன்றின் பெயரைச் சொல்லி, அங்கே கேட்டுப் பார்க்கச் சொன்னேன். கே.கே. நகரில் எங்களுக்கு இரண்டு படுக்கையறை. மாமனார் படுத்த படுக்கையாகக் கூடத்தில் இருக்கிறார். எப்படி வரச் சொல்வது.

போன வருடம் ஒரு பெண் பஸ் ஸ்டாண்டிலிருந்தே பேசினாள். விஷயத்தைச் சொன்னேன்.

"நீங்க பாட்டியோட பேத்தியாக்கா?"

"ஆமா."

"உங்களப் பத்தி சொல்லுவாங்க. என் பேத்தி ஒரே மூச்சா உக்காந்து படிச்சு எழுதினா, அவள மாதிரி படிங்கன்னு."

"வேற என்ன சொன்னாங்க?"

"வேற ஒண்ணும் சொன்னதில்லையேக்கா."

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய் அவளைக் கூட்டி வந்தேன். வழியெல்லாம் அவள் பேசிக்கொண்டே வந்தாள், நான் எதையும் காதில் வாங்கவில்லை. இரண்டு தோசை சாப்பிட்டாள். உட்கார வேறு இடமில்லாமல் சமையலறையில் பாய் போட்டுப் படித்தாள். மாமனாருக்கு அன்று இருமல் அதிகம். அத்தை, அதாவது என் மாமியார், இரண்டு தடவை வந்து சமையலறையை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். காலையில் இட்லி கொடுத்து சென்டர் வரை கொண்டுபோய் விட்டேன். அவள் உள்ளே போனதும், கேட்டைச் சாத்தும் வரை நின்று பார்த்தேன். கடைசி நிமிஷத்தில் ஓடி வந்தவர்களில் குழந்தையோடு யாரும் இல்லை.

வீட்டுக்கு வந்தபோது அத்தை அந்தப் பெண் படுத்த போர்வையைத் துவைத்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். கோபமாக இல்லை, சோர்வாகத்தான் சொன்னார்.

"நல்ல காரியம்தான், நான் இல்லங்கல. ஆனா நம்ம வீடு தாங்காதும்மா. இனிமே வேணாம்."

"சரிங்கத்தே" என்றேன்.

அவர் சொன்னதில் தப்பில்லை. எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருக்கலாம், பேசவில்லை. மதியம் போல அந்தப் பெண் போன் செய்து, நன்றாக எழுதியதாகவும், ஊருக்கு பஸ் ஏறிவிட்டதாகவும் சொன்னாள். அதுதான் அந்த போனில் நான் கடைசியாகப் பேசியது. அதன் பிறகு அதற்கு நான் ரீசார்ஜ் செய்யவில்லை. பல மாதம் கழித்து ஒரு நாள் என் போனிலிருந்து அந்த எண்ணுக்குப் போட்டுப் பார்த்தேன். அது வேறு யாருக்கோ போயிருந்தது. யாரோ ஓர் ஆண் எடுத்து, "யாருங்க வேணும்?" என்று கேட்டார். தவறான எண் என்று சொல்லி வைத்துவிட்டேன்.